கயலைப் பாடினோம், கண்டோமா?

கயல் என்றதும் நமக்குக் கண் நினைவுக்கு வருகிறது; மீன் வருவதில்லை. பெண்ணின் விழிக்கு உவமையாக அதை நூற்றாண்டுக் கணக்கில் பாடிய தமிழ்ப் புலமை, அது எந்த நீரில் வாழ்கிறது, எதைத் தின்கிறது என்று கேட்டதுண்டா? பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்றுக் கரம்பொன்னில் தமிழ் கற்பிக்கும் நாமும் இக்குற்றத்துக்கு விலக்கானவர் அல்லர். மாரியில் நிறைந்த குளத்திலிருந்து மாணவன் ஒருவன் போத்தலில் சிறு மீனொன்றைக் கொண்டுவந்து பெயர் கேட்டான். கயலுக்குப் பத்து மேற்கோள் தெரிந்த நாம் வாயடைத்து நின்றோம்.

"மனிதன் சோற்றுக்கு அல்லற்படும் நாட்டில் மீனை வகைப்படுத்துவதா பெரிய காரியம்?" என்று முற்போக்கு நண்பர்கள் சிலரே நகைக்கின்றனர். அவர்களுக்குக் கேகாலை மாவட்டத்துக் கலப்பிட்டமடவைக் காட்டுவோம்.

அங்கே வயல்களையும் இறப்பர்த் தோட்டங்களையும் ஊடறுத்து ஓடும் சிற்றோடை ஒன்றில் வாழ்ந்தது விரல் நீளமும் இல்லாத கெண்டை வகை ஒன்று. 1991இல் மோரிஸ் கொட்டெலா, ரொஹான் பெத்தியகொட என்னும் அறிஞர் இருவர் அதைத் தனி இனமென விவரித்து, 'புண்டியஸ் பண்டுலா' எனப் பெயரிட்டனர். அந்த ஓடை பாழானால் உலகில் ஓர் இனமே இல்லாது போகும் என்பது அப்போதுதான் கணக்கில் ஏறியது. வயலில் தெளிக்கும் நஞ்சும், அழகு மீனைப் பிடித்து விற்கும் வணிகமும் அதன் பகைகள். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியல் அதை அழிவின் விளிம்பில் நிற்பவற்றுள் வைத்தது. பெயர் இல்லாததைப் பட்டியல் அறியாது, சட்டமும் அறியாது. பெயரற்ற மீன் மாண்டால் அதற்கு மரணப் பதிவுகூட இல்லை.

2012இல் அம்மீன் 'பெத்தியா' என்னும் புதிய பேரினத்துள் வைக்கப்பட்டது. பெத்தியா என்பது சிறு கெண்டைகளுக்குச் சிங்கள மக்கள் வழங்கும் சொல். பழைய 'புண்டியஸ்' மட்டும் இலத்தீனப் பண்டிதரின் சொத்தா? அதுவும் வங்காளத்து மக்கள் வழங்கிய 'புண்டி' என்ற சொல்லிலிருந்து 1822இல் ஹமில்டன் அமைத்ததே. வலை வீசியவன் வாய்மொழி உலக அறிவியலின் சொல்லாயிற்று. அயிரை, கெளிறு, குறவை, உழுவை என்று நம் முதியோர் நாவில் எத்தனை பெயர்கள்! அவற்றை எந்த மீனுக்கு எந்த ஊரார் வழங்குகின்றனர் என்று எழுதிவைக்க நமக்கு நேரமில்லை. உவமை நயம் பாராட்ட மட்டும் நேரமுண்டு.

சோறா மீனா என்று கேட்போரே, ஓடையைக் கெடுப்பது உழவனின் கிணற்றைக் கெடுக்காதோ? யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் வயலுக்கும் தோட்டத்துக்கும் இட்ட உரம் இறங்கிக் குடிநீர்க் கிணறுகளில் நைத்திரேற்றாக நிற்பதை ஆய்வாளர் பலமுறை காட்டியுள்ளனர். ஆறென்று ஒன்றில்லாத நம் தீவகத்திலோ, மழை நீரைத் தாங்கும் குளமும் கேணியுமே உயிர். அங்கே நீந்தும் சிறு மீன், நாம் குடிக்கும் நீரின் சாட்சி. சாட்சியின் பெயரறியாதவன் எந்த வழக்கில் வெல்வான்?

வரும் மாரியில் நம் மாணவர் கையில் போத்தலோடு ஒரு குறிப்பேடும் இருக்கட்டும். மீனின் உருவம், கிடைத்த குளம், ஊர் முதியோர் சொல்லும் பெயர் ஆகிய மூன்றையும் எழுதட்டும். விலங்கியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் அதன் முன் ஒருங்கே அமர்வோம். கயலைப் பற்றி அதற்குப் பின் பாடம் நடத்துவோம்.