காத்து அடிச்சது ஒரு ராத்திரி! கரண்ட் இல்லாமல் கருகியது எத்தனை நாள்?



2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயலை நாம் மறக்க முடியுமா? நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கரண்டு கம்பங்கள் சாய்ந்தன. புயல் சில மணி நேரத்தில் போய்விட்டது. கரண்ட் எப்போது வந்தது? முதலில் நகரம், பிறகு மெயின்ரோட்டு ஊர், அப்புறம் உள்கிராமம், எல்லாம் முடிந்து கடைசியாகத்தான் வயக்காட்டு மோட்டார்!

நவம்பர் 23-ல் கார்த்திகை தீபம் வந்தது. நம்ம தெருவில் அகல்விளக்கு மட்டும்தான் வெளிச்சம். மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்தோம். செல்போனுக்குச் சார்ஜ் போடவும் காசு கொடுத்தோம். ரைஸ்மில் ஓடவில்லை. பிள்ளைகள் அரையாண்டுப் பரீட்சைக்குச் சிம்னி விளக்கில் படித்தார்கள். குடிதண்ணீர் கேட்டும் கரண்ட் கேட்டும் தாய்மார்கள் காலிக் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்தார்கள்.

வீட்டு இருட்டையாவது பொறுத்துக்கொள்ளலாம். பயிர் பொறுக்குமா? அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழையும் குறைவு. கீரமங்கலம், ஆலங்குடி பக்கம் பல நூறு அடி ஆழ்குழாய்க் கிணற்றை நம்பித்தான் பூவும் வாழையும் காய்கறியும். காற்றுக்குத் தப்பியது தண்ணீருக்குத் தப்பவில்லை. கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது, மேலே ஏற்றத்தான் கரண்ட் இல்லை! டீசல் என்ஜினை வாடகைக்கு எடுக்க எத்தனை சிறு விவசாயியிடம் காசு இருந்தது?

கணக்கெடுக்க வந்தவர்கள் சாய்ந்த மரத்தை எண்ணினார்கள். தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய் என்றது அரசு. பிள்ளை மாதிரி வளர்த்த மரத்துக்கு இது போதுமா என்பது ஒரு கேள்வி. கரண்ட் வராத நாட்களில் காய்ந்துபோன பயிரை எந்தக் கணக்கில் எழுதினீர்கள் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. நம்மைக் கேட்டால், அதுவும் புயல் சேதம்தான்!

சட்டம் என்ன சொல்கிறது? கரண்ட் கொடுப்பதில் தாமதம் ஆனால் நுகர்வோருக்கு இழப்பீடு தரவேண்டும் என்று 2004-ல் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விதி போட்டது. ஆனால் புயல், வெள்ளம் என்றால் அதற்கு விலக்கு! கம்பம் சாய்ந்தது இயற்கையின் செயல், ஒத்துக்கொள்கிறோம். தூக்கி நிறுத்தக் கம்பம் கையிருப்பு இல்லை, ஏற ஆள் இல்லை என்பதும் இயற்கையின் செயலா?

லைன்மேன்கள் மேல் நமக்குக் கோபமில்லை. வெளி மாவட்டத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்தவர்கள் சேற்றில் நின்று உழைத்தார்கள். ஊர்க்காரர்கள் சோறு போட்டார்கள், குழி வெட்டினார்கள், தோள் கொடுத்துக் கம்பம் சுமந்தார்கள். உழைக்க ஆள் உண்டு. முன்கூட்டியே திட்டம் போடத்தான் ஆள் இல்லை!

"ஓசிக் கரண்டுக்கு இவ்வளவு பேச்சா?" என்று சிலர் கேட்கிறார்கள். அய்யா, இது யாரும் போட்ட பிச்சை அல்ல. கட்டண உயர்வை எதிர்த்து 1970 ஜூன் 19-ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டுக்கு மூன்று விவசாயிகள் உயிரைக் கொடுத்தார்கள். அதற்குப்பின் இருபது ஆண்டு போராடி 1990-ல் எல்லா விவசாயிக்கும் கிடைத்த உரிமை இது. நம் பம்புசெட்டுக்கான பணத்தை அரசு மானியமாக மின்வாரியத்துக்குக் கட்டுகிறது. அப்படியிருக்க நாம் மட்டும் ஏன் கடைசி வரிசை?

2011-ல் தானே, 2018-ல் கஜா, 2024-ல் ஃபெஞ்சல். அடுத்ததும் வரும். வருவதற்கு முன்னால் கேட்டால்தான் கிடைக்கும்.

நமது கோரிக்கைகள்:

1. கரண்ட் இல்லாமல் கருகிய பயிரையும் புயல் சேதமாகக் கணக்கெடு!

2. புயல் விலக்குக்குக் கெடு வை! ஏழு நாள் தாண்டினால் நாளுக்கு இவ்வளவு என்று இழப்பீடு கொடு!

3. ஆண்டுதோறும் செப்டம்பர் முடிவதற்குள் கடலோர மாவட்டங்களில் கம்பம், கம்பி, டிரான்ஸ்பார்மர் இருப்பு வை! எவ்வளவு இருக்கிறது என்று ஊருக்குத் தெரியும்படி எழுதிப் போடு!

4. மின்வாரியக் காலிப் பணியிடங்களை நிரப்பு!

5. புயல் காலத்தில் ஊராட்சிக்கு ஒரு ஜெனரேட்டர் கொடு! ஆழ்குழாய்ப் பாசன ஊர்களுக்கு மும்முனை மின்சாரத்தை முதல் வரிசையில் கொடு!

விவசாயிகளே! மனுவைத் தனித்தனியாகக் கொடுத்தால் அது மேசையிலேயே தூங்கும். கிராமசபைக் கூட்டத்துக்கு வாருங்கள், இந்த ஐந்தையும் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். அந்த நகலோடு எல்லா ஊரும் சேர்ந்து கலெக்டர் ஆபீசுக்குப் போவோம்!

விளைய வைத்தவன் கடைசி வரிசையில் நிற்கமாட்டான்!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!