தூய அறைக்கு மதிப்பெண் உண்டா?

ஒரு நானோ விஞ்ஞானியின் பணிவாழ்வை அளக்க இந்தியப் பல்கலைக்கழகங்கள் பெரிதும் நம்பியிருக்கும் அளவுகோல் ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையே. நானோ துகள்களை வேதிமுறையில் தொகுப்போருக்கு அது ஓரளவு பொருந்தும். குடுவையும் உலையும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் சில மணி நேரமும் வாய்த்தால் ஒரு பருவத்திற்குள் ஒரு கட்டுரை உருவாகிவிடக்கூடும். (வேதியியலார் இதனை மறுப்பர்; ஒப்பீட்டளவில் உண்மை அதுவே.) நானோ ஆக்கத்தில் உழைப்பவரையும் அதே கோலால் அளப்பது அநீதி.

சிலிக்கன் வட்டின்மீது ஓர் உணரியை உருவாக்க வேண்டுமெனில் கழுவுதல், ஆக்சைடு வளர்த்தல், ஒளியுணர் பூச்சு பூசுதல், லித்தோகிராபி, அரித்தல், உலோகம் படிய வைத்தல் எனப் படிகள் நீண்டுகொண்டே போகும். ஒவ்வொரு படியும் 95 விழுக்காடு வெற்றி பெறுவதாகக் கொண்டாலும், 30 படிகள் கடந்தபின் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே தேறும். ஒரு தூசி போதும், பல மாத உழைப்பு பாழாக. மஞ்சள் விளக்கின் கீழ், தலை முதல் கால் வரை போர்த்திக்கொண்டு நிற்கும் ஆய்வு மாணவரின் தோல்விகள் எந்த இதழிலும் அச்சாவதில்லை.

நவகாந்த பட்டின் பணிவாழ்வு இங்கே எண்ணிப் பார்க்கத்தக்கது. மைசூர்ப் பல்கலைக்கழகத்திலும் மும்பை ஐஐடியிலும் பயின்று, 1996இல் ஸ்டான்போர்டில் முனைவர் பட்டம் பெற்றவர். ஆஸ்டினில் மோட்டரோலா நிறுவனத்தில் பணியாற்றியபின், 1999இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். திறமை மிக்க டிரான்சிஸ்டர் ஆய்வாளர் கட்டுரைகளை மட்டுமே எழுதிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அவரோ, சக பேராசிரியர்களுடன் சேர்ந்து, அக்கழகத்தின் நானோ அறிவியல் பொறியியல் மையத்தையும் அதன் தூய அறைகளையும் எழுப்புவதில் பல ஆண்டுகளைச் செலவிட்டார். நீரிழிவு நோயாளிகளுக்கான பல பரிசோதனைகளை ஒரே கையடக்கக் கருவியில் செய்யும் உயிர் உணரி ஆய்வும், அதனைச் சந்தைக்குக் கொணர்ந்த பாத்ஷோத் நிறுவனமும் அதன் உடன்விளைவுகள். 2018இல் இன்போசிஸ் பரிசு கிட்டியது.

பரிசு பெற்றவரைப் பாராட்டுவது எளிது. அந்த அறைகள் பிறருக்கு என்ன செய்தன என்பதே முதன்மையான கேள்வி. 2008இல் பெங்களூரிலும் மும்பை ஐஐடியிலும் தொடங்கப்பட்ட இந்திய நானோ மின்னணுவியல் பயனர் திட்டம், சொந்தமாகத் தூய அறை இல்லாத கல்லூரிகளின் ஆய்வாளர்களுக்கும் அக்கருவிகளைத் திறந்துவிட்டது. எலக்ட்ரான் கற்றை லித்தோகிராபிக் கருவியின் படத்தை மட்டுமே பாடநூலில் கண்டிருந்த மாணவர், தம் வடிவமைப்பைத் தாமே வட்டில் செதுக்கிப் பார்க்க வாய்த்தது. இத்தகைய ஒரு கருவியை நாள்தோறும் இயங்கும் நிலையில் வைத்திருப்பது, ஒரு நல்ல கட்டுரைக்கு எவ்வகையிலும் தாழ்ந்த அறிவியற்பணி அன்று.

ஆயினும் நிதி நல்கைகள் கருவி வாங்கக் காட்டும் தாராளத்தைப் பராமரிப்புக்குக் காட்டுவது அரிது. திட்டம் முடிகிறது, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் காலாவதியாகிறது, ஒரு வெற்றிட எக்கி பழுதாகிறது, ஒரு மாணவரின் ஓராண்டு கரைகிறது. கருவியின் குணம் அறிந்த தொழில்நுட்பரோ ஒப்பந்த ஊழியர். நல்ல ஊதியம் கிடைத்ததும் வெளியேறுகிறார். அவரோடு, எங்கும் எழுதிவைக்கப்படாத செய்முறை அறிவும் வெளியேறுகிறது.

2021 டிசம்பரில் குறைகடத்தித் தொழிலுக்கென 76,000 கோடி ரூபாய்த் திட்டத்தை ஒன்றிய அரசு அறிவித்தது. அத்தொழிற்சாலைகளில் நிற்கவேண்டிய கைகள் பழகுவது இந்தத் தூய அறைகளில்தான். பழக்குவோரின் பதவி உயர்வுப் படிவத்திலோ, ‘பொதுப் பயன்பாட்டு ஆய்வகம் அமைத்து நடத்தியமை’ என்பதற்குத் தனியே ஒரு வரி இன்னும் வேண்டியிருக்கிறது. தொழில்நுட்பரின் பெயர் கட்டுரையின் இறுதியில் நன்றியுரையில் வருகிறது, அதுவும் ஆசிரியருக்கு நினைவிருந்தால்.