முதல் சம்பளம் வர்றதுக்குள்ள...

ஆஃபர் லெட்டர் வந்தாச்சா? கையைக் கொடுங்க பாஸ்! அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை, அடுத்த மாசம் ஜாயினிங். ஃப்ரெண்ட்ஸுக்கு ட்ரீட் கொடுத்தாச்சு, வீட்ல முறுக்கு, ஊறுகாய் எல்லாம் பெட்டிக்குள்ள போயாச்சு. எல்லாம் சரி... முதல் சம்பளம் கைக்கு வர்றதுக்கு முன்னாடி எவ்வளவு பணம் வேணும்னு கணக்குப் போட்டீங்களா?

'வாடகை இவ்ளோ, சாப்பாடு இவ்ளோ'னு மாசக் கணக்கு எல்லோரும் போடுறோம். ஆனா, சென்னை நம்மளை முதல்ல அடிக்கிற இடம் மாசச் செலவு இல்லை. அட்வான்ஸ்!

ஒரு பேச்சுக்கு, ஆவடியில மூணு பேர் சேர்ந்து 9,000 ரூபாய் வாடகைக்கு ஒரு வீடு பார்க்குறீங்கனு வெச்சுக்குவோம். ஓனர் பத்து மாச அட்வான்ஸ் கேட்டா 90,000. ஆளுக்கு 30,000. முதல் மாச வாடகை ஆளுக்கு 3,000. புரோக்கருக்கு ஒரு மாச வாடகைன்னா அதுல இன்னொரு 3,000. ஆக மொத்தம் 36,000 ரூபாய். பக்கெட், பாய், ஸ்டவ் எல்லாம் தனி!

இப்போ சம்பளத்துக்கு வருவோம். வருஷத்துக்கு 2.4 லட்சம்னு லெட்டர்ல இருந்தா மாசம் 20,000 வந்துடும்னு நினைக்காதீங்க. கம்பெனி உங்களுக்காகக் கட்டுற பி.எஃப். பெரும்பாலும் அதுக்குள்ளேயே அடங்கியிருக்கும். உங்க பங்கு பி.எஃப். வேற பிடிப்பாங்க. சம்பளம் 21,000-க்குள்ள இருந்தா இ.எஸ்.ஐ.-க்கு 0.75 சதவிகிதம். கையில ஒரு 17,000 வந்தா, அந்த 36,000 ரெண்டு மாசச் சம்பளத்துக்கும் மேல. மாசம் 20-ம் தேதிக்கு அப்புறம் சேர்ந்தா, அந்தப் பத்து நாள் சம்பளம் அடுத்த மாசத்தோட சேர்ந்து வர்ற கம்பெனிகளும் உண்டு.

அந்தப் பணம் எங்கே இருந்து வரும்? அம்மா கழுத்துச் செயின் அடகுக் கடைக்குப் போகும். இல்லேன்னா, செல்போன்ல 'அஞ்சு நிமிஷத்துல லோன்'னு கூப்பிடுற ஆப். வேலைக்குப் போற பிள்ளை முதல் நாளே கடனோட பஸ் ஏறுறான்!

மூணு மாசம் பொறுங்க

அதனால நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். முதல் மூணு மாசம் வீடு எடுக்காதீங்க. ஹாஸ்டல்லயோ பி.ஜி.யிலயோ ஒரு பெட் போதும். 'மாசக் கணக்குல பார்த்தா வீடுதானே சீப்?'னு கேட்பீங்க. உண்மைதான். ஆனா, பெட்டைக் காலி பண்றது சுலபம். வீட்டுக்குள்ள பூட்டின 30,000-ஐ வெளியே எடுக்குறது கஷ்டம்.

அந்த மூணு மாசத்துல மூணு விஷயம் தெளிவாகும். ஷிஃப்ட் எந்த நேரம், வேலை நமக்கு ஒத்துவருதா, கூட இருக்குற ரெண்டு பேரும் வாடகையைத் தேதிக்குக் கொடுக்குற ஆளுங்களா. இது தெரியாம அட்வான்ஸ் கொடுக்குறது பொண்ணே பார்க்காம மண்டபம் புக் பண்ற மாதிரி!

கேர்ள்ஸ், உங்களுக்கு ஒரு எக்ஸ்ட்ரா டிப்ஸ். பெண்கள் விடுதிகளை முறைப்படுத்த 2014-லயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தாச்சு. 'லைசென்ஸ் இருக்கா?'னு வார்டன்கிட்ட தயங்காம கேளுங்க.

தண்டவாளத்தைப் பிடிங்க

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல ஆரம்பிச்சது. 2011-ல அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோட சேர்ந்துடுச்சு. ஆவடி 2019-ல தனி மாநகராட்சி ஆனது. பூந்தமல்லி நகராட்சி. மேப்ல மூணும் பக்கத்துப் பக்கத்துல தெரியும். காலைல எட்டு மணிக்கு பஸ்ல நின்னு பாருங்க, தூரம் புரியும்!

வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அண்ணனூர், ஆவடி... இது மின்சார ரயில் வரிசை. எஸ்டேட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷன் பட்டரவாக்கம். அம்பத்தூர்ல இருந்து சென்ட்ரலுக்கு 5 ரூபாய் டிக்கெட்தான். சீசன் எடுத்தா இன்னும் மிச்சம். ஸ்டேஷன்ல இருந்து நடந்து போற தூரத்துல ரூம் 500 ரூபாய் கூட இருந்தாலும் லாபம்தான். தினமும் ஷேர் ஆட்டோவுக்குக் கொடுக்குறதை 26 நாளால பெருக்கிப் பாருங்க. பூந்தமல்லியில இந்த மின்சார ரயில் கிடையாது. அங்கே தங்குறதுன்னா பஸ் ரூட்டைப் பார்த்துட்டு ரூமைப் பாருங்க. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்லைனு 2021 மே மாசம் அறிவிச்சாங்க. மாசக் கணக்குல அது பெரிய தொகை.

வீடு பார்க்கும்போது...

மூணு மாசம் முடிஞ்சு வீடு தேடுறீங்களா? நாலு விஷயம் பாருங்க.

தண்ணி: 2019 கோடையில சென்னை வறண்டப்போ, ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி வந்து இறங்கினது இதே லைன்ல இருக்குற வில்லிவாக்கத்துலதான். 'மே மாசம் லாரித் தண்ணி வாங்குவீங்களா, காசு யாரு?'னு முதல்லயே கேட்டுடுங்க.

தரைத்தளம்: வாடகை குறைவா இருந்தா சுவரைப் பாருங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழையில அம்பத்தூர் தொழிற்பேட்டை தண்ணியில நின்னுச்சு. அந்தக் கறை சில வீடுகள்ல இன்னும் கதை சொல்லும்.

கரன்ட்: வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம்னு 2016-ல அரசு அறிவிச்சது. ஓனர் சப்-மீட்டர் வெச்சு யூனிட்டுக்கு இவ்ளோன்னு சொன்னா, மொத்த பில்லையும் காட்டச் சொல்லிக் கேட்கலாம், தப்பில்லை.

நாலாவதுதான் முக்கியம், அக்ரிமென்ட். 2017-ல நிறைவேறி, 2019 பிப்ரவரியில அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாதுனு சொல்லுது. ஆனா, ஒரு சூட்சுமம் இருக்கு. அக்ரிமென்ட்ல வேற மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டா, அதுதான் நிற்கும். அதனால படிக்காம பேனாவைத் திறக்காதீங்க. காலி பண்ணின ஒரு மாசத்துக்குள்ள, பாக்கி ஏதாவது இருந்தா கழிச்சுக்கிட்டு, அட்வான்ஸைத் திருப்பித் தரணும்னும் அதே சட்டம் சொல்லுது. பணத்தை பேங்க் வழியாவே கொடுங்க. ரசீது கேளுங்க.

நம்ம கணக்கையே மறுபடி போடுவோம். மூணு மாச அட்வான்ஸ்னா ஆளுக்கு 9,000. வாடகை, புரோக்கர் சேர்த்து 15,000. ஒரு மாசச் சம்பளத்துக்குள்ள அடங்கிடுச்சா? 'அங்கிள், மூணு மாசம் தர்றோம், வாடகை அஞ்சாம் தேதி டாண்ணு வந்துடும்'னு பணிவா கேளுங்க. நாலு ஓனர் முடியாதும்பாங்க. அஞ்சாவது ஓனர் யோசிப்பார்.

மாசக் கடைசி

25-ம் தேதி பர்ஸ் காலியா? அம்பத்தூர் மாநகராட்சியோட ஏழாவது மண்டலம். அங்கே அம்மா உணவகம் எங்கேன்னு முதல் வாரமே தெரிஞ்சுக்குங்க. 2013-ல ஆரம்பிச்சப்போ இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். அங்கே வரிசையில நிற்கிறதுல ஒரு அவமானமும் இல்லை. லோன் ஆப்காரன் உங்க அப்பாவுக்கு போன் போடுறான் பாருங்க, அதுதான் அவமானம்! கடன் ஆப்கள் உங்க கான்டாக்ட் லிஸ்ட்டைத் தொடக் கூடாதுனு 2022-லயே ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கு. 'அலவ்' பண்ணச் சொல்லி எந்த ஆப் கேட்டாலும் அப்பவே டெலிட்!

இன்னிக்கு ராத்திரி ஒரு வெள்ளைத் தாளை எடுங்க. கிளம்புற நாள்ல இருந்து முதல் சம்பளம் வரைக்கும் எத்தனை நாள், ஒரு நாளைக்கு எவ்வளவுன்னு எழுதுங்க. அதை அப்பாகிட்டயும் அம்மாகிட்டயும் காட்டுங்க. செயின் அம்மா கழுத்துலயே இருக்கட்டும் பாஸ். முதல் சம்பளத்துல அதை மீட்கறதை விட, அவங்களுக்கு ஒரு புடவை வாங்கிட்டு ஊருக்குப் போறதுதானே கெத்து?