பாலம் பார்க்கப் போகிறவர்களுக்கு

சபர் என்ற சொல் நம் கடலோர ஊர்களில் ஒரு காலத்தில் பிழைப்புத் தேடிச் செல்லும் பயணத்தையே குறித்து வந்தது. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரங்கூனுக்கும் கப்பலேறிய சபராளிகளின் பேரப்பிள்ளைகள் இன்று பள்ளி விடுமுறையில் அதே திசையில் விமானம் ஏறுகிறார்கள். மகிழ்ச்சிதான். மலேசியாவில் உறவினரைக் கண்டு, சிங்கப்பூரைச் சுற்றி, பாங்காக்கில் கடைவீதி பார்த்துத் திரும்பும் இந்தப் பயணங்களின் நிரலில், 'குவாய் நதிப் பாலம், ஒரு நாள்' என்றொரு வரியும் இடம்பெறுவதுண்டு. அந்த ஒற்றை வரியோடுதான் நமக்கு வழக்கு.

அந்த ஒரு நாளில் நடப்பது என்ன? பாங்காக்கிலிருந்து மேற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காஞ்சனபுரிக்குக் காலையில் புறப்படுகிறார்கள். இரும்புப் பாலத்தின்மீது நடந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆற்றோரப் பாறையை ஒட்டி மரத்தூண்களின்மேல் செல்லும் பாதையில் சற்றுத் தொலைவு ரயிலில் போகிறார்கள். கம்பளம் விரித்தாற்போன்ற புல்வெளியுடைய போர்க் கல்லறைத் தோட்டத்தில் கால்மணி நேரம் நிற்கிறார்கள். ஜப்பானியரிடம் சிறைப்பட்ட ஆங்கிலேயரும் ஆஸ்திரேலியரும் டச்சுக்காரரும் பட்ட பாட்டை வழிகாட்டி சொல்கிறார். ஒரு திரைப்படத்தின் பெயரையும் சொல்கிறார். மாலையில் பாங்காக் திரும்பிவிடலாம். அந்தப் பாதையை வெள்ளைக்காரர் கட்டினர், வெள்ளைக்காரர் மடிந்தனர் என்று நம் பிள்ளைகள் பாடம் படித்துக்கொண்டு வருகிறார்கள். தம் சொந்த மொழி பேசியவர்களின் எலும்புகளை ஒட்டி ரயிலில் சென்று வந்தோம் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை.

அந்தத் திரைப்படத்தைப் பற்றி ஒரு சொல். பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் கற்பனையாக எழுதிய நாவலை, டேவிட் லீன் 1957-ஆம் ஆண்டு படமாக்கினார். படம் எடுக்கப்பட்ட இடம் தாய்லாந்தே அன்று, இலங்கையின் கித்துல்கல. படத்தில் மரப்பாலம், காஞ்சனபுரியில் இருப்பதோ ஜாவாவிலிருந்து கொண்டுவந்து பூட்டிய இரும்புப் பாலம். படத்தில் வெடிவைத்துத் தகர்க்கிறார்கள். உண்மைப் பாலம் 1945-இல் விமானக் குண்டுகளால் உடைந்து, பின்னர் செப்பனிடப்பட்டு, இன்றும் ரயில் ஓடுகிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தப் பாலத்தின் கீழே ஓடிய ஆற்றுக்குக் குவாய் என்ற பெயரே அப்போது இல்லை. அது மே க்லோங் ஆறு. படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் குவாய் எங்கே, குவாய் எங்கே என்று கேட்கவே, 1960-களில் அந்தப் பகுதிக்குக் குவே யாய் என்று பெயர் சூட்டிவிட்டார்கள். ஒரு கதைக்காக ஆற்றின் பெயரையே மாற்ற முடிந்திருக்கிறது. ஆனால் அந்தக் கதையில் இடம்பெறாத தொழிலாளர்களை வரலாற்றில் சேர்க்க மட்டும் இத்தனை காலம் எவருக்கும் அவகாசம் கிட்டவில்லை.

யார் அந்தத் தொழிலாளர்கள்? 1942 பிப்ரவரிக்குள் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் வசமாயின. பர்மாவிலிருந்த தம் படைக்கு மலாக்கா நீரிணை வழியாகக் கப்பலில் பொருள் அனுப்புவது, நேச நாட்டு நீர்மூழ்கிகளால் அவர்களுக்கு ஆபத்தாக இருந்தது. எனவே தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியுசயாட் வரை, காட்டையும் மலையையும் பிளந்துகொண்டு, 415 கிலோமீட்டர் ரயில்பாதை போடத் துணிந்தார்கள். 1942 ஜூனில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. போர்க்கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோர் அதில் வதைக்கப்பட்டார்கள். அவர்களைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு எண்ணிக்கையில் ஆசியத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள்: பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர், தமிழர். மலாயாவிலிருந்து சென்றவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களுள் பெரும்பகுதி ரப்பர்த் தோட்டத் தமிழர்கள்.

எப்படிச் சென்றார்கள் என்பதையும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். போரினால் ரப்பர் ஏற்றுமதி நின்றது. வெள்ளைத் துரைமார் ஓடிவிட்டார்கள் அல்லது சிறைப்பட்டார்கள். தோட்டத்தில் கூலி இல்லை, அரிசி இல்லை. அந்த வேளையில், நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, சாப்பாடு, மூன்று மாத ஒப்பந்தம் என்று பறையறிவித்தார்கள். பசித்தவன் போகாமல் என்ன செய்வான்? மனைவி மக்களோடு சென்றவர்களும் உண்டு. மூன்று மாதம் கழிந்தும் ஒருவரும் திரும்பாததைக் கண்டு மற்றவர்கள் மறுக்கத் தொடங்கியதும், லாரிகளை நிறுத்தி ஆள் பிடித்தார்கள். இலவசப் படக்காட்சி என்று கூட்டம் சேர்த்து, வாயிலை அடைத்து, அப்படியே ரயிலேற்றியதும் நடந்தது. 1943-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அந்த முகாம்களில் காலரா புகுந்தது. போர்க்கைதிகளின் முகாம்களில் அவர்களுடைய படை மருத்துவர்களேனும் இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று அதட்டத் தளபதிகள் இருந்தார்கள். தோட்டத்து மக்களுக்கு மருத்துவர் இல்லை, தலைவர் இல்லை. கொட்டகை கொட்டகையாகச் செத்தார்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். இந்த வழக்கின் உயிர்நாடி கணக்கில்தான் இருக்கிறது.

போர் முடிந்ததும், 1945 செப்டம்பரில், கல்லறை தேடும் குழுவொன்று அந்தப் பாதை நெடுகச் சென்றது. 144 இடுகாடுகளில் 10,549 கல்லறைகளைக் கண்டுபிடித்தது. தேடியும் கிடைக்காதவை 52 மட்டுமே. அந்த உடல்களையெல்லாம் எடுத்துக் காஞ்சனபுரியிலும் சுங்கையிலும் தான்பியுசயாட்டிலும் மூன்று தோட்டங்கள் அமைத்து அடக்கினார்கள். அமெரிக்கர்களின் உடல்களைத் தாய்நாட்டுக்கே அனுப்பினார்கள். காஞ்சனபுரித் தோட்டத்தில் மட்டும் 6,982 பேர். காலராவில் இறந்து எரிக்கப்பட்ட 300 பேரின் சாம்பல் அங்கே இரண்டு குழிகளில் இருக்கிறது. அந்த 300 பேரின் பெயர்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இறந்த போர்க்கைதிகள் மொத்தம் 12,000-க்கும் 13,000-க்கும் இடைப்பட்டவர்கள்.

தொழிலாளர்களுள் இறந்தவர்கள் எத்தனை பேர்? 80,000 முதல் 1,00,000 வரை என்று பொதுவாக மதிப்பிட்டுச் சொல்கிறார்கள். இந்த மதிப்பீட்டின் கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் உள்ள இடைவெளியே 20,000. இறந்த போர்க்கைதிகள் அனைவரையும் ஒன்றுசேர்த்தாலும் இந்த இடைவெளியை நிரப்ப முடியாது! ஒரு பக்கம் 52 கல்லறைகளுக்காகக் காடு முழுதும் துழாவினார்கள். மறுபக்கம் இருபதினாயிரம் மனிதர்கள் இருந்தார்களா இல்லையா என்பதே 'ஏறத்தாழ' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிப்போகிறது.

"பெயர்ப் பதிவு இல்லாதவர்களுக்கு எப்படிப் பெயர் எழுதுவது?" என்று கேட்பார்கள். பதிவு இல்லை என்பதை நாம் வன்மையாக மறுக்கிறோம். மலாயாத் தோட்டங்களில் ஒவ்வொரு நாளும் விடியுமுன்னே பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணினார்கள். அரை நாள் வராதவனுக்கு அரை நாள் கூலி பிடிக்கத் தெரிந்த நிர்வாகங்கள் அவை. 1945-இல் துரைமார் திரும்பி வந்து தோட்டங்களை மீண்டும் நடத்தத் தொடங்கியபோது, யார் யார் வரவில்லை என்று அவர்கள் அறியாமலா இருந்தார்கள்? அரசு கேட்டிருந்தால் தோட்டம் தோட்டமாகப் பட்டியல் வந்திருக்கும். "அவர்கள் படைவீரர்கள் அல்லரே, போர்க் கல்லறை ஆணையத்தின் விதி வீரர்களுக்குத்தானே?" என்பார்கள். விதி அப்படித்தான். ஆனால் விதிக்கு உட்பட்டவர்களுக்கேனும் நீதி கிடைத்ததா? முதல் உலகப் போரில் இறந்த இந்தியரும் ஆப்பிரிக்கருமான வீரர்களுள், குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று, அந்த ஆணையமே அமைத்த குழு 2021-ஆம் ஆண்டு ஒப்புக்கொண்டது. ஈராக்கிலுள்ள பஸ்ரா நினைவுச் சின்னத்தில் இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் பொறித்து, சாதாரணச் சிப்பாய்களை வெறும் எண்ணிக்கையாக எழுதிவைத்தார்கள். அந்தக் கைதான் சயாம் பாதையிலும் எழுதாமல் விட்டது.

நம் குடும்பங்கள் கவனியாமல் கடந்து செல்லும் ஓரிடத்தையும் சொல்ல வேண்டும். காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தின் நுழைவாயில் கட்டடத்திலேயே 11 பெயர்கள் இருக்கின்றன. தாய்லாந்தின் முஸ்லிம் மையவாடிகளில் அடக்கப்பட்டு, அங்கே அவர்களுடைய கபுறுகளைப் பேணிவர இயலாமற்போன, பிரிக்கப்படாத இந்தியாவின் படைவீரர்கள் அவர்கள். மீசான் கல் இல்லாவிட்டாலும் பெயராவது இருக்கட்டும் என்று சுவரில் பொறித்தார்கள். நல்ல செயல், நாம் அதைப் பாராட்டுகிறோம். அங்கே நின்று அந்தப் பதினொருவருக்காக ஒரு பாத்திஹா ஓதுங்கள். ஓதி முடித்ததும் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லுங்கள்: இந்தியனைப் படைக்கு எடுத்ததும் ஆங்கில அரசுதான், தோட்டத்துக்குக் கப்பலேற்றியதும் அதே அரசின் ஆட்சிதான். முதல்வனுக்குச் சுவரில் பெயர் கிடைத்தது.

"விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பிணக்காட்டுக்கா போவது? போர்க்களம் பார்ப்பதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்" என்று நம்முள்ளேயே சிலர் முணுமுணுப்பதுண்டு. மதீனா சென்றவர்களைக் கேட்கிறோம்: உஹத் களத்தைக் காணாமல் திரும்பினீர்களா? அந்த மலையடிவாரத்தில் நின்று ஷுஹதாக்களுக்கு ஸலாம் சொல்லாமல் வந்தீர்களா? அது போர்க்களமன்றி வேறென்ன? கி.பி. 625-இல் அங்கே வீழ்ந்த எழுபதின்மரின் பெயர்களைக் குலம் குலமாகப் பிரித்து இப்னு ஹிஷாமின் நூலில் இன்றும் படிக்கலாம். பதினான்கு நூற்றாண்டுகளாக எழுபது பெயர்களைக் காத்து வந்த மரபில் பிறந்தவர்கள், எண்பது ஆண்டுகளுக்கு முன் மாண்ட அண்டை வீட்டாரின் பெயரைக் கேட்கக்கூடச் சோம்பலாமா?

ஆஸ்திரேலியரைப் பாருங்கள். அந்தப் பாதையில் அவர்களுள் இறந்தோர் ஏறத்தாழ 2,800 பேர். கைதிகள் உளியும் சம்மட்டியும் கொண்டு பாறையைக் குடைந்த 'நரக நெருப்புக் கணவாய்' என்னுமிடத்தில் அவர்கள் அரசு 1998-இல் நினைவு அருங்காட்சியகம் திறந்தது. ஆண்டுதோறும் ஏப்ரல் 25 அன்று, விடியுமுன் இருளில் அங்கே கூடி மௌனமாக நிற்கிறார்கள். நம்மவருக்கு நடந்தது என்ன? 1944-இல் ஜப்பானியப் படையே பாலத்தருகில் ஒரு நினைவுக்கல் எழுப்பியது. அதில் தமிழ் எழுத்தும் உண்டு. கொன்றவர்கள் எழுப்பிய கல்லில் தமிழ் இருந்தது. மீட்டவர்கள் அமைத்த தோட்டத்தில் தமிழுக்கு வேலையில்லை. போருக்குப் பின் தோண்டும்போது வெளிப்பட்ட தொழிலாளர் எலும்புகளைக் காஞ்சனபுரியிலுள்ள வாட் தாவோர்ன் வராராம் என்ற பௌத்த விகாரையில்தான் சேர்த்து வைத்தார்கள். அந்த வளாகத்தில், மலேசியத் தமிழர் சிலரின் விடாமுயற்சியால், 2023-ஆம் ஆண்டு ஒரு நடுகல் நடப்பட்டது. பாதை முடிந்து எண்பது ஆண்டுகளுக்குப் பின்!

எனவே, பாலம் பார்க்கப் போகாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. முகவர் போட்டுத் தரும் ஒரு நாளைக் கிழித்தெறிந்துவிட்டு, இரண்டு நாளாக நீங்களே திட்டமிடுங்கள். முதல் நாள், கல்லறைத் தோட்டத்தை ஒட்டியே 2003-இல் திறக்கப்பட்ட ரயில்பாதை அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். அதன்பின் தோட்டத்தைப் பார்த்து, நுழைவாயிலின் 11 பெயர்களைப் படித்து, நடுகல்லுக்குப் போங்கள். விகாரை வளாகமாயிற்றே என்று தயங்குவோர் இருக்கலாம், வணங்கவா போகிறோம்? அநாதையாகக் கிடந்த எலும்புகளுக்கு இடம் கொடுத்தவர்களின் வாசலில் நன்றியோடு நின்றுவிட்டு வருவதில் குற்றமில்லை. மறுநாள் நாம்டோக் வரை ரயிலில் செல்லலாம். பழைய பாதையில் இன்று வண்டி ஓடுவது அதுவரைதான். அங்கிருந்து சாலை வழியே கணவாய்க்குப் போகலாம். நவம்பர் இறுதியில் பாலத்தருகே ஒளியும் ஒலியுமாக விழா எடுத்து, குண்டு வீழ்ந்ததை வாணவேடிக்கையாக்கிக் காட்டுவார்கள். அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். பர்மாவில் 2021 முதல் நிலவும் நிலையில் தான்பியுசயாட் செல்லும் எண்ணம் இப்போது வேண்டாம்.

புறப்படுமுன் ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்', அ. ரங்கசாமி எழுதிய 'நினைவுச்சின்னம்' ஆகிய மலேசியத் தமிழ் நாவல்களை வீட்டில் பெரியவர்களும் வளர்ந்த பிள்ளைகளும் படித்துவிடுவது நலம். இன்னொன்று: பயணச்சீட்டு எடுக்கையில் மலேசியா முதலிலும் தாய்லாந்து பின்னரும் வருமாறு அமைத்துக்கொள்ளுங்கள். மலேசியாவில் நம் உறவினர்களின் அண்டை அயலில், தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இருக்கும். சயாமுக்குப் போய்த் திரும்பாத தந்தையின், பாட்டனின் பெயர் அங்கே எழுபது, எண்பது வயதுக்காரர்களின் நினைவில் இன்னும் இருக்கிறது. ஒரு குறிப்பேட்டில் பெயர், தோட்டம், போன ஆண்டு என்று மூன்று பத்தி போட்டுப் பிள்ளைகளிடமே கொடுத்துக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அந்த ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு காஞ்சனபுரிக்குப் போங்கள்.