சின்ன ஊரின் பெயரைச் சொல்லுங்கள்

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். ஆனால் பிறந்த மண்ணை விட்டு வந்து மூன்று, நான்கு தலைமுறையாக மட்டாஞ்சேரியிலும் ஃபோர்ட் கொச்சியிலும் வாழ்கிற நம் தமிழ்க் குடும்பங்கள் தங்கள் மூலத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. பெருமை பேசிக் கொள்வதற்காக அல்ல. நம் பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு ஒரு வரியாவது பதில் சொல்வதற்காக.

இங்கே பள்ளிக்கூடத்தில் "நாடு எவிடெயா?" என்று கேட்டால் அது தேசத்தைப் பற்றிய கேள்வி அன்று, சொந்த ஊரைப் பற்றிய கேள்வி. நம் பிள்ளைகள் "தமிழ்நாடு" என்கிறார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்த பிள்ளை "திருநெல்வேலிப் பக்கம்" என்கிறது. வீட்டில் பெரியவர்களைக் கேட்டாலும் பலர் மாவட்டத்தின் பெயரோடு நின்று விடுகிறார்கள். நம் குடும்ப வரலாறு அறுந்து போவது இந்த இடத்தில்தான் என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டுகிறேன்.

இந்த விஷயத்தில் நமக்குப் பாடமாக இருப்பவர்கள் அயர்லாந்துக்காரர்கள். 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அங்கே ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அதே அளவு மக்கள் கப்பலேறி அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து என்று போனார்கள். பிற்பாடு அவர்களுடைய வாரிசுகள் முன்னோரைத் தேடத் தொடங்கியபோது அரசாங்கக் காகிதங்கள் அதிகம் கை கொடுக்கவில்லை. எல்லா மதத்தினரின் பிறப்பு, இறப்பையும் அங்கே அரசு பதியத் தொடங்கியது 1864-இல்தான். 1821 முதல் 1851 வரை எடுத்த மக்கள்தொகைக் கணக்குகளில் பெரும்பகுதி, 1922-இல் உள்நாட்டுப் போரின்போது டப்ளின் ஆவணக் காப்பகத்தில் பற்றிய தீயில் சாம்பலாயிற்று. 1861 முதல் 1891 வரை எடுத்தவற்றையோ அரசாங்கமே அழித்து விட்டது.

அப்படியானால் எஞ்சியது எது? கத்தோலிக்கக் கோயில்களில் பங்குச் சாமியார்கள் எழுதி வைத்த ஞானஸ்நான, கலியாணப் பதிவேடுகள்தான்! அவை தலைநகருக்குப் போகாமல் அந்தந்தக் கோயில் அலமாரியிலேயே கிடந்ததால் பிழைத்தன. அயர்லாந்து தேசிய நூலகம் அவற்றைப் படச்சுருளில் எடுத்துச் சேர்த்து வைத்தது. 2015-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகளின் ஏடுகளை, 3,70,000-க்கும் அதிகமான படங்களாக, யாரும் காசில்லாமல் கணினியில் பார்க்கும்படி வெளியிட்டது.

ஆனாலும் அந்தப் படங்களைத் திறந்தவர்கள் எல்லாரும் தம் பாட்டனாரைக் கண்டு விடவில்லை. ஏடுகள் பங்கு வாரியாக இருக்கின்றன. மர்பி, கெல்லி என்ற குடும்பப் பெயர்கள் அந்த நாட்டில் எங்கே திரும்பினாலும் உண்டு. "எங்கள் பாட்டனார் கார்க் மாவட்டத்துக்காரர்" என்று மட்டும் அறிந்தவர் ஏட்டுக்கு ஏடு புரட்டிக் களைத்துப் போகிறார். எந்தப் பங்கு என்று அறிந்தவர் சில நாளில் கண்டுபிடித்து விடுகிறார். கப்பலேறிய பாட்டி தன் பேத்தியிடம் அந்தச் சின்ன ஊரின் பெயரைச் சொல்லியிருந்தாரா, இல்லையா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

இந்தப் பதிவேட்டு வழக்கம் அயர்லாந்துக்கு மட்டும் உரியதன்று. 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானத்தையும் கலியாணத்தையும் ஏட்டில் எழுத வேண்டும் என்று விதித்தது. 1614-இல் வந்த ரோமைச் சடங்கு நூல் இறப்பையும் சேர்த்தது. முத்துக்குளித்துறை மக்கள் அதற்கு முன்பே, 1530-களில், ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஆக அயர்லாந்தின் கிராமத்துக்கும் நம் கடற்கரைக்கும் விதி ஒன்றுதான். பிள்ளையின் பெயர், தேதி, தகப்பன் பெயர், தாய் பெயர், ஞானத்தகப்பன், ஞானத்தாய், தண்ணீர் ஊற்றிய குருவின் கையெழுத்து என்று ஒரே அச்சில்தான் இங்கும் எழுதினார்கள். பெரிய மனிதர் வீட்டுப் பிள்ளைக்கும் வலை இழுப்பவர் பிள்ளைக்கும் அதே அளவு இடந்தான். சரித்திரப் புத்தகத்தில் இடம் கிடைக்காத ஏழைக்கு இந்த ஏட்டில் இடம் கிடைத்தது.

என் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். என் தாத்தா பஜார் ரோட்டுக் கிட்டங்கி ஒன்றில் கணக்கு எழுத வந்தவர். யார் கேட்டாலும் "தூத்துக்குடி" என்பார். அங்கே போய்த் தேடினால் பெர்னாந்து, மோத்தா, மச்சாது, ரோச், கொரைரா என்று போர்ச்சுக்கீசியர் தந்த குடும்பப் பெயர்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. எங்களுடையதும் அவற்றில் ஒன்று. என் அத்தை ஒருவருக்கு மட்டும் ஒரு விஷயம் நினைவிருந்தது. ஆண்டுதோறும் சந்தியாகப்பர் திருநாளன்று தாத்தா வேலைக்குப் போக மாட்டாராம். "இன்றைக்கு எங்கள் ஊரில் கொடி" என்பாராம். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, சந்தியாகப்பரைப் பாதுகாவலராகக் கொண்ட ஒரு கடற்கரைச் சிற்றூருக்குப் போனோம். பங்குச் சாமியார் பொறுமையாக ஏடுகளை எடுத்துக் கொடுத்தார். 1898-ஆம் ஆண்டுப் பக்கத்தில் தாத்தா இருந்தார். தகப்பன் பெயரை நாங்கள் அறிவோம். தாயின் பெயரை வீட்டில் யாருமே அறிந்ததில்லை. ஊர் திரும்பி அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். அத்தைக்கும் அதே பெயர்! தாயின் பெயரைத்தான் தாத்தா தன் மூத்த மகளுக்கு வைத்திருக்கிறார். அதை யாரிடமும் சொல்லவில்லை. எழுபத்தெட்டு வயதில்தான் அத்தைக்குத் தன் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. இரண்டு வருடங்களில் அவரும் காலமாகி விட்டார். அவரிடம் கேட்காமல் விட்டிருந்தால், அந்த ஏடு பத்திரமாகவே இருந்தும் எங்களுக்குப் பயன்பட்டிருக்காது.

தேடப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். முதலாவது, பெயர் மாறி வரும். பதிவு லத்தீனிலோ, போர்ச்சுக்கீசியத்திலோ, தமிழிலோ இருக்கலாம். லத்தீனில் பெத்ருஸ் என்று எழுதப்பட்டவர் ஊரில் இராயப்பன். பவுலுஸ் என்றால் சின்னப்பன். யோசேப்புஸ் என்றால் சூசை. யாக்கோபுஸ் என்றால் யாகப்பனாகவோ சந்தியாகுவாகவோ இருப்பார். இரண்டாவது, ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர்களை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அவர்கள் மாமனோ அத்தையோ சித்தியோதான். மூன்றாவது, கலியாண ஏடு. முறை மாமன், முறைப்பெண் கலியாணம் நம்மவரிடையே சகஜம். திருச்சபைச் சட்டப்படி நெருங்கிய உறவில் மணம் செய்ய விலக்கு வாங்க வேண்டும். அப்படி வாங்கியதை ஏட்டில் எழுதும்போது உறவு முறையும் தெரிந்து விடுகிறது. ஒரே வரியில் இரண்டு குடும்பங்களின் தொடர்பு கிடைக்கும்.

நான்காவது, அந்த ஊர் எந்தக் காலத்தில் எந்த மறைமாவட்டத்தைச் சேர்ந்திருந்தது என்று அறிய வேண்டும். இதில் நம் கொச்சிக்கு ஒரு தனி இடம் உண்டு. 1557-இல் ஏற்பட்ட கொச்சி மறைமாவட்டம் இந்த நகரத்தோடு நின்றதல்ல. முத்துக்குளித்துறையும் இலங்கையும் நெடுங்காலம் கொச்சி மேற்றிராணியாரின் ஆளுகையில் இருந்தவை. தாத்தாவின் ஊரிலிருந்து கொச்சிக்கு வந்ததை அந்நிய நாட்டுக்கு வந்ததாக நாம் நினைக்கிறோம். கோயில் கணக்கில் இரண்டும் ஒரு காலத்தில் ஒரே வீடு! 1838-இல் கொச்சி ஆசனம் நீக்கப்பட்டு அதன் கோயில்கள் வராப்புழையின் கீழ் வந்தன. 1886-இல் மறுபடியும் ஏற்பட்டது. தூத்துக்குடி 1923-லும், கோட்டாறு 1930-லும் தனி மறைமாவட்டங்கள் ஆயின. எல்லை மாறிய இடங்களில் ஒரே குடும்பத்தின் பதிவுகள் இரண்டு ஊர்களில் கிடக்கலாம்.

அரசாங்கக் காகிதத்திலும் இதே சிக்கல் உண்டு. ஃபோர்ட் கொச்சி பிரிட்டிஷார் கையில், சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அடுத்த தெருவான மட்டாஞ்சேரியோ கொச்சி மகாராஜாவின் சமஸ்தானம். இரண்டும் ஒரே மாநகராட்சிக்குள் வந்தது 1967-இல். டச்சுக்காரர் காலத்துக் கொச்சி ஆவணங்களில் பெருந்தொகுதி இன்று சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கொச்சிக்காரர் கொச்சியைத் தேட எழும்பூருக்குப் போக வேண்டியிருக்கிறது!

இங்கே வாசகர் ஒருவர் கேட்கலாம்: "உங்களுக்குப் பங்குக் கோயில் இருக்கிறது, ஏடு இருக்கிறது. எங்களுக்கு என்ன இருக்கிறது?" நியாயமான கேள்வி. வேளி தோபிகானாவில் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுக்கிற தமிழ்க் குடும்பங்கள், டச்சுக்காரர் காலத்தில் தம் முன்னோர் வரவழைக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். அவர்களுக்கு ஞானஸ்நான ஏடு இல்லை. நாடு முழுவதற்குமான பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1969-இல்தான் வந்தது. ஆனால் ஏடே இல்லை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் வீட்டு மொய் நோட்டைப் பாருங்கள்! ஊர்ப் பெயரை முதலில் எழுதி, அப்புறம் ஆள் பெயரை எழுதுகிற வழக்கம் வேறு எங்கே இருக்கிறது? பழைய கலியாணப் பத்திரிகையில் பாட்டனார் பெயரும் ஊரும் அச்சில் இருக்கும். ஜாதகக் குறிப்பு, நிலப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், குலதெய்வக் கோயில் வரிக் கணக்கு, ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தர் எல்லாம் ஏடுகளே. பரணில் கிடக்கும் மொய் நோட்டைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டு விடாதீர்கள் என்று தாய்மார்களைக் குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு ஆட்சேபத்தையும் நான் அறிவேன். பூர்வீகம் தேடுவது கடைசியில் சாதிப் பெருமையில் போய் முடியும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் உண்மை உண்டு. ஆனால் ஏட்டை நேர்மையாகப் படிக்கிறவனுக்குப் பெருமைக்கு இடம் குறைவு. ஒரே வாரத்தில் ஒரே வீட்டில் இரண்டு குழந்தைகள் அடக்கம் செய்யப்பட்டதையும், தகப்பன் பெயர் எழுதாமல் விட்ட வரியையும் அங்கே காண்போம். கஷ்டப்பட்ட மனிதர்களின் பிள்ளைகள் நாம் என்பதைத்தான் அது சொல்லும். அண்மைக் காலத்து ஏடுகளைக் காட்டச் சாமியார் மறுத்தால் கோபிக்கவும் கூடாது. உயிரோடு இருப்பவர்களின் மானம் அதில் இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவுக்கு 1860 முதல் 1911 வரை போன ஒப்பந்தக் கூலிகளுக்கு இந்த உதவி வேறு வழியில் கிடைத்தது. கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது ஆகியவற்றோடு ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் குமாஸ்தா எழுதி வைத்தார். நாமோ ரயிலிலும் பஸ்ஸிலும் தோணியிலும் கால்நடையாகவும் வந்தவர்கள். நம்மை யாரும் பட்டியலில் எழுதவில்லை. நாமே எழுதிக் கொண்டால்தான் உண்டு.

ஆகவே நம் சங்கச் செயற்குழுவின் முன் ஒரு யோசனையை வைக்கிறேன். சங்கத்தில் ஒரு பெரிய ஏடு வாங்குவோம். ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம். அதில் ஐந்து விஷயங்கள் போதும். ஒன்று, மாவட்டமோ பக்கத்து டவுனோ அல்ல, நாம் புறப்பட்ட சின்ன ஊரின் பெயர். இரண்டு, அந்த ஊர்க் கோயில் அல்லது பள்ளிவாசலின் பெயரும் திருவிழா மாதமும். மூன்று, தெரிந்தவரை முன்னோர் பெயர்கள். பெண்களின் பெயரும் அவர்கள் பிறந்த ஊரும் கட்டாயம். நான்கு, கொச்சிக்கு முதலில் வந்தவர் யார், ஏறக்குறைய எந்த வருடம், என்ன வேலைக்கு. ஐந்து, ஊரில் இன்னும் இருக்கும் உறவினர் யார். தமிழ் எழுதத் தெரியாத நம் பிள்ளைகள் மலையாளத்தில் எழுதினாலும் சரி. பெரியவர் சொல்லப் பிள்ளை எழுதட்டும். ஒரு பிரதி சங்கத்தில், ஒரு பிரதி வீட்டில் இருக்க வேண்டும். ஒரே இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதை டப்ளின் தீ நமக்குச் சொல்லியிருக்கிறது.

இதற்குப் பெரிய செலவில்லை, அரசாங்க அனுமதி தேவையில்லை. வேண்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையும், வீட்டிலேயே மூத்தவர் பக்கத்தில் உட்காரும் பொறுமையும்தான். வருகிற பொங்கல் விழாவுக்கு முன் முதல் பத்துப் பக்கங்களாவது நிரம்பட்டும். எங்கள் குடும்பத்துப் பக்கத்தை நான் எழுதித் தயாராக வைத்திருக்கிறேன்.