அப்பா என்ன பண்றார்?

எங்க அண்ணன் மகள் பி.எஸ்சி. அக்ரி முடிச்சவ. போன வருஷம் ஒரு வங்கியில வேளாண் அலுவலர் வேலைக்கு எழுத்துத் தேர்வுல தேறி, நேர்முகத் தேர்வு வரைக்கும் போனா. புதுச் சுடிதார், ஃபைல்ல வரிசையா சர்டிபிகேட், அரை மணி நேரம் முன்னாடியே ஆஜர். ஒரு குறையும் இல்லை. ஆனா வேலை கிடைக்கலை.

ரெண்டு நாள் கழிச்சுத்தான் வாயைத் திறந்தா. "அப்பா என்ன பண்றார்னு கேட்டாங்க சித்தப்பா. பிசினஸ்னு சொல்லிட்டேன்."

அடுத்த கேள்வி இது: கிசான் கடன் அட்டையில 3 லட்சம் வரைக்கும் 7 சதவீத வட்டி, தவணைக்குள்ள கட்டினா 4 சதவீதம்தான். அப்புறம் ஏன் விவசாயி வட்டிக்கடைக்குப் போறார்? இவ சொன்ன பதில்: "விழிப்புணர்வு இல்லை."

எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, வருத்தமும் வந்துச்சு. இவ அப்பா, அதான் எங்க அண்ணன், 15 மா நிலத்தைக் குத்தகைக்குப் பண்றவர். எங்க தஞ்சாவூர்ப் பக்கம் 3 மா ஒரு ஏக்கர். விதியில வாய்மொழிக் குத்தகைக்காரருக்கும் கடன் உண்டு. ஆனா போய் நின்னா, சிட்டா, அடங்கல் யார் பேர்லன்னுதான் முதல்ல கேட்பாங்க. குத்தகையை எழுதிக் கொடுத்தா நிலமே போயிடுமோன்னு நிலக்காரருக்குப் பயம். அதனால நடவுச் செலவுக்கு அண்ணியோட நகை வருஷா வருஷம் அடகுக்குப் போகும். இந்தப் பொண்ணுக்கு அது தெரியாதா? தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவங்க கேட்க நினைச்சதும் அதைத்தான். ஆனா அதைச் சொன்னா மரியாதை போயிடும்னு நினைச்சுட்டா.

தப்பு அவ மேல இல்லைங்க, நம்ம மேலதான். "என்னை மாதிரி சேத்துல கிடக்காதே"ன்னு சொல்லிச் சொல்லித்தான் வளர்க்கிறோம். அது பிள்ளைங்க காதுல எப்படி விழுது? அப்பா பண்றது கேவலமான வேலைன்னு விழுது. அப்புறம் நாலு பேர் முன்னாடி அப்பா தொழிலைச் சொல்லக் கூசத்தானே செய்யும்?

சட்டையை இஸ்திரி போடுங்க, இங்கிலீஷ் பேசிப் பழகுங்க, வேண்டாம்னு சொல்லலை. அதோட ஒரு நாள் அப்பாகூட வரப்புல உட்காருங்க. எந்தக் கடன் எங்க வாங்கினார், பயிர்க் காப்பீட்டுக்குச் சம்பாவுல எவ்வளவு கட்டினார், மழையில பயிர் சாஞ்சப்ப என்ன கிடைச்சுது, எல்லாத்தையும் கேட்டு எழுதிக்குங்க. காப்பீடு 2016ல வந்த திட்டம்னு புத்தகத்துல இருக்கும். பணம் எப்ப வந்துச்சுன்னு அப்பாவுக்குத்தான் தெரியும். ஆனா புலம்பலாச் சொல்லாதீங்க. இதுதான் நிலைமை, வேலை கிடைச்சா நான் இதைச் செய்வேன்னு ரெண்டு நிமிஷத்துல சொல்லிப் பழகுங்க.

இந்த வருஷமும் அவளுக்கு அழைப்பு வந்துச்சு. முந்தின வாரம் முழுக்க அப்பாவும் மகளும் ராத்திரி திண்ணையில கணக்கு நோட்டோட உட்கார்ந்திருந்தாங்க. அண்ணன் அவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை.

போய்ட்டு வந்தா. அதே கேள்வியைக் கேட்டாங்களாம். "விவசாயம் சார், 15 மா குத்தகை"ன்னு சொன்னாளாம். அதுலேர்ந்து இருபது நிமிஷம் பேச்சு ஓடியிருக்கு.

ரிசல்ட் இன்னும் வரலை. அண்ணன் தினமும் ஒரு தடவை கேட்டுக்கிட்டு இருக்கார்.