திரையும் நாழிகையும்

பண்டைத் தமிழகத்தில் நாழிகைக் கணக்கர் என்போர் இருந்தனர். வட்டிலில் நீரின் அளவைக் கண்டு பொழுதைக் கணித்து அரசனுக்கு அறிவிப்பது அவர்தம் தொழில். நாடாளும் வேந்தனுக்கே பொழுதை நினைவூட்ட ஒருவர் வேண்டியிருந்தது. கைப்பேசியை ஏந்தியிருக்கும் இக்காலச் சிறுவனுக்கு அத்தகைய துணை வேண்டுவது வியப்பன்று.

நூலுக்கு இறுதிப் பக்கம் உண்டு. விளையாட்டுக்கும் பொழுது சாய்தல் என்னும் எல்லை உண்டு. கைப்பேசித் திரைக்கோ எல்லை இல்லை. விரலால் தள்ளத் தள்ள முடிவின்றித் தொடரும் பக்க அமைப்பை அசா ரஸ்கின் என்பார் 2006-ஆம் ஆண்டில் வகுத்தார். பிற்காலத்தில் அதன் விளைவைக் கண்டு அவரே வருந்தினார். முதியோரையும் விடாது பற்றும் ஒன்றைச் சிறுவர் விடவில்லையே என்று கடிந்துரைப்பது மட்டும் நீதியாகுமா?

கைப்பேசியே தீது என்று தள்ளிவிடலும் பொருந்தாது. 2020-ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றினால் பள்ளிகள் அடைபட்டபோது, கைப்பேசியும் கல்வித் தொலைக்காட்சியுமே பல இல்லங்களில் வகுப்பறைகளாயின. கைப்பேசி வாங்க இயலாத ஏழை மாணாக்கர் பாடம் இழந்து வாடினர். ஆதலின் குற்றம் கருவியில் இல்லை, அளவின்மையிலேயே உள்ளது.

இவ்வேறுபாட்டைப் பிற நாட்டார் உணர்ந்துள்ளனர். பிரான்சு நாடு 2018-ஆம் ஆண்டில் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் கைப்பேசியைச் சட்டத்தால் விலக்கியது. எனினும் கற்பித்தலுக்கு வேண்டுமிடத்து அதற்கு இடந்தந்தது. தைவானில் 2010-ஆம் ஆண்டு முதல் பள்ளிச் சிறுவர் நாள்தோறும் 120 நிமிடம் வெட்டவெளியில் இருக்குமாறு ஊக்கப்பட்டனர். அதன்பின் அங்குப் பெருகிவந்த பார்வைக் குறை தணியத் தொடங்கிற்று. முன்னது விலக்கு, பின்னது மாற்று. விலக்குவதோடு அமையாது, விலக்கிய இடத்தில் நல்லதொன்றை நிரப்புதலே சிறந்த நெறியாகும்.

இந்நெறி இல்லத்தில் முதியோரிடமிருந்து தொடங்குதல் வேண்டும். உண்ணும்போது தந்தை திரையை நோக்கிக்கொண்டே, மகனை மட்டும் நோக்காதே என்றால் அச்சொல் செவியில் ஏறாது. உணவறையிலும் படுக்கையிலும் கைப்பேசி இல்லை என்பது பெற்றோர், பிள்ளை ஆகிய இருசாரார்க்கும் ஒத்த விதியாதல் வேண்டும். இரவில் அனைவர் கைப்பேசிகளும் கூடத்தில் ஓரிடத்தே வைக்கப்படுமாயின், உறக்கம் கெடாது; ஒருவரையொருவர் ஐயுறுதலும் இராது. ஆசிரியரும் வீட்டுப் பாடத்தைக் கைப்பேசி வழியே விடுப்பதைக் குறைத்துக் குறிப்பேட்டில் எழுதச் செய்தல் நன்று.

மாணாக்கர்க்கும் ஒரு கடமை உண்டு. கைப்பேசியைத் திறக்கும் முன்னரே, எதற்காகத் திறக்கிறோம், எப்பொழுது மூடுவோம் என்பவற்றை உறுதி செய்துகொள்ளல் வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தொலைவிலுள்ள பொருளைச் சிறிது நேரம் நோக்குமாறு கண் மருத்துவர் கூறுவர். இருபது நிமிடம் என்பது ஏறத்தாழ ஒரு நாழிகை. அந்நாழிகை முடிவில் மரத்தையோ வானையோ நோக்கிவிட்டு, எடுத்த வேலை முடிந்ததா என்று தன்னைத்தானே வினவுதல் நன்று. முடிந்தது எனின் மூடிவிடலாம்.

எப்போதும் உடனிருந்து பொழுது உணர்த்தப் பெற்றோராலோ ஆசிரியராலோ இயலாது. தன் உள்ளத்தையே நாழிகைக் கணக்கராகப் பழக்கிக்கொண்ட மாணாக்கனுக்குக் கைப்பேசி ஏவலாளாய் நிற்கும். பழக்காதவனுக்கோ அதுவே ஆண்டானாகிவிடும்.